பச்சைப் பாறையில் கருப்பு மணி: உருமாறிய மணற்கல்லின் குரோமைட் யாருடைய கதையைச் சொல்கிறது?

கேள்வி | 2023 ஆகஸ்ட் 6

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காகக் கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டம் கட்டிஹொசஹள்ளிப் பக்கம் பச்சைக் குவார்ட்ஸைட் (உருமாறிய மணற்கல்) எடுத்து வந்தோம். உடைத்து, சலித்து, புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் பிரித்தால் அடியில் கருப்பு மணிகள் நிறைய இறங்கின. பெரும்பாலும் குரோமைட், குரோமியமும் இரும்பும் நிறைந்த ஆக்சைடு. 34 மணிகளின் வேதியியலை எலக்ட்ரான் கற்றையால் அளக்கும் மைக்ரோப்ரோப்பில் அளந்தோம். குரோம் எண், அதாவது குரோமியத்தை, குரோமியம் அலுமினியம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது, 0.78 முதல் 0.86 வரை. மக்னீசிய எண், அதாவது மக்னீசியத்தை, மக்னீசியம் ஃபெரஸ் இரும்பு இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது, 0.03 முதல் 0.08. இவ்வளவு உயர்ந்த குரோம் எண், மக்னீசியம் மிகுந்த பழங்கால எரிமலைப் பாறையான கோமாட்டியைட்டுக்குத்தான் பொருந்துகிறது. பக்கத்திலேயே கோமாட்டியைட் பாறையும் இருக்கிறது. “இந்த மணல் கோமாட்டியைட் அரிந்து வந்தது” என்று எழுதிவிடலாமா சார்?

ஆகஸ்ட் 6, இரவு

வேண்டாம். இப்போதைக்கு எழுத வேண்டாம். துத்தநாகம் அளந்தீர்களா? மணிகளைப் பாறைக்குள் வைத்தபடி, பாறையை மெல்லிய தகடாகச் சீவி, தின் செக்‌ஷனில் பார்த்தீர்களா, இல்லை பிரித்தெடுத்ததை மட்டும் பிசினில் பதித்து அளந்தீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 7

பதில் வருவதற்குள் என் கவலையைச் சொல்லிவிடுகிறேன்.

மக்னீசிய எண் 0.05 என்பதே எச்சரிக்கை மணி அடிக்கிறது. புதிதாக உறைந்த கோமாட்டியைட்டில் குரோமைட்டின் மக்னீசிய எண் பொதுவாக 0.5 பக்கமோ அதற்கு மேலேயோ இருக்கும். உங்களுடையது அதில் பத்தில் ஒரு பங்கு. கோமாட்டியைட் என்று சொல்ல ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அதை மறுக்கும் இன்னொரு எண்ணை விட்டுவிட்டீர்கள்.

குரோமைட் சேர்ந்த கனிமக் குடும்பம் ஸ்பைனல். குரோம் ஸ்பைனலின் படிகத்தில் இரண்டு வகை இருக்கைகள் உண்டு. ஒன்றில் இரட்டை மின்சுமை கொண்டவை உட்காரும்: மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம். இன்னொன்றில் மும்மை மின்சுமை கொண்டவை: குரோமியம், அலுமினியம், ஃபெரிக் இரும்பு. முதல் இருக்கைக்காரர்கள் சுலபமாக எழுந்து போய்விடுவார்கள். இரண்டாவது இருக்கைக்காரர்கள், அதிலும் குரோமியம், எளிதில் அசைய மாட்டார்கள். அதனால் பாறை சூடாகும்போது முதலில் கெடுவது மக்னீசிய எண். 300, 400 டிகிரி செல்சியஸிலேயே மக்னீசியம் வெளியேறி இரும்பு உள்ளே வரும். குரோம் எண் அதற்கப்புறமும் கொஞ்ச காலம் தாங்கும். பாறையியலாளர் ஸ்டீவன் பார்ன்ஸ் 2000-ல் உருமாறிய கோமாட்டியைட்டுகளின் குரோமைட்டை வரிசைப்படுத்திக் காட்டியதும் ஏறத்தாழ இதைத்தான்: சுமார் 500 டிகிரி வரை மணியின் மையம் தன் குரோமியத்தையும் அலுமினியத்தையும் ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறது, அதற்கு மேலே மையமும் விட்டுக்கொடுக்கிறது.

உங்கள் பாறை ஆம்பிபோலைட் தரம் எனப்படும் உயர்ந்த வெப்பநிலைக்கு உருமாறியது. 500 தாண்டியது.

1990-களில் நானும் இதே தவறைச் செய்தேன். வேறு வட்டாரம், இதே பச்சைப் பாறை. 20 மணி அளந்து, மூலப்பாறையைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில் குறித்து, “உயர் குரோம் மூலப்பாறை” என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். துத்தநாகத்தை அளக்கும் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு வேலைக்காக அதே மெருகுத் தட்டை மறுபடி அளந்தபோது துத்தநாக ஆக்சைடு 4 சதவீதத்துக்கு மேல். எரிமலைப் பாறைக் குரோமைட்டில் அது பொதுவாக அரை சதவீதத்தைத் தொடாது. நான் தாய்ப்பாறை என்று வாசித்தது உண்மையில் உருமாற்றத்தின் கையெழுத்து. அறிக்கை அதற்குள் பலர் கைக்குப் போய்விட்டது. திருத்தம் எழுதினேன், ஆனால் திருத்தத்தை யாரும் தேடிப் படிப்பதில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் நேற்று இரவு அவ்வளவு அவசரமாக “வேண்டாம்” என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 8

ஒரு சின்னக் கணக்கு. பழைய மணியில் குரோமியம் 12 பங்கு, அலுமினியம் 7 பங்கு என்று வையுங்கள். குரோம் எண் 12/19, அதாவது 0.63. உருமாற்றத்தில் 4 பங்கு அலுமினியம் மட்டும் வெளியேறுகிறது. ஒரு துளி குரோமியம்கூட உள்ளே வரவில்லை. இப்போது 12/15, அதாவது 0.80. கழித்ததாலேயே எண் உயர்ந்துவிட்டது. 1984-ல் ஆய்வாளர்கள் டிக்கும் புல்லனும் பெருங்கடல் அடியில் உள்ள, மக்னீசியம் மிகுந்த பெரிடோட்டைட் பாறையின் ஸ்பைனலுக்கு 0.60 என்று ஒரு எல்லை வைத்தார்கள். அந்த எல்லைக்குக் கீழே பிறந்த மணிகூட உருமாற்றத்தில் அலுமினியத்தை இழந்து எல்லை தாண்டி ஏறிவிடலாம். நாம் அதைப் பார்த்து “எரிமலை வில்”, “கோமாட்டியைட்” என்று பெயர் வைத்துவிடுவோம்.

ஆகஸ்ட் 8, சற்று நேரம் கழித்து

மேலே “ஒரு துளி குரோமியம்கூட உள்ளே வரவில்லை” என்றது சரி. ஆனால் நேற்று “குரோமியம் எளிதில் அசையாது” என்று எழுதினேன், அதை அப்படியே விட முடியாது. உங்கள் பாறை எதனால் பச்சை? ஃபுக்சைட். குரோமியம் கலந்த மஸ்கோவைட் அபிரகம். அந்தக் குரோமியம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இந்தக் கருப்பு மணிகளிலிருந்துதான். ஆக குரோமியம் மணியை விட்டும் போகிறது. மணிக்குள்ளே மெதுவாக ஊடுருவுவது வேறு, மணியின் விளிம்பே கரைந்து அழிவது வேறு. இரண்டாவது நடக்கும்போது குரோமியத்துக்கும் விலக்கு இல்லை.

ஆனால் அது வெகுதூரம் போவதில்லை. நான் பார்த்த தட்டுகளில் ஒவ்வொரு கருப்புப் புள்ளியைச் சுற்றியும் பச்சை வளையம், சில மில்லிமீட்டரில் வெளிறிப்போகும். கனகனிமங்கள் வரிசையாகப் படிந்த பழைய மணல் அடுக்கில் பச்சை அழுத்தமாக இருக்கும், அடுத்த அடுக்கு வெள்ளை. முன்னூறு கோடி ஆண்டுக்கு முன் கரையில் அலை ஒதுக்கிய கருமணல் வரியை இன்றைக்கு நாம் பச்சைக் கோடாகப் பார்க்கிறோம். மைசூர் பக்கத்துப் பச்சை அவென்சுரின் மணிமாலை வாங்கியவர்கள் கழுத்தில் போட்டிருப்பதும் ஃபுக்சைட் துகள் பொதிந்த குவார்ட்ஸ்தான்.

ஆகஸ்ட் 10

பதில் வந்துவிட்டது: துத்தநாகம் அளக்கவில்லை, மொத்தம் 96 முதல் 97 சதவீதம் வந்தது, “கருவிப் பிழை என்று விட்டுவிட்டோம் சார்”.

விடக் கூடாது. குறைகிற 3 சதவீதம்தான் நீங்கள் கேட்காமல் விட்ட தனிமம்.

ஆனால் அவசரப்படவும் கூடாது. மைக்ரோப்ரோப் இரும்பு முழுவதையும் ஃபெரஸ், அதாவது இரட்டை மின்சுமை, ஆக்சைடாகக் காட்டும். 4 ஆக்சிஜனுக்கு 3 நேரயனி என்று கணக்கிட்டு ஒரு பகுதியை ஃபெரிக் இரும்பாக மாற்றினால் மொத்தம் சற்று ஏறும். முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறமும் 2 சதவீதம் குறைந்தால் துத்தநாகத்தைத் தேடுங்கள்.

மைக்ரோப்ரோப்புக்கு மறுபடி நேரம் கிடைக்காவிட்டால் எஸ்.இ.எம். என்ற எலக்ட்ரான் நுண்நோக்கியோடு இருக்கும் இ.டி.எஸ். (எக்ஸ் கதிரால் தனிமம் அறியும் கருவி) போதும், முதல் பார்வைக்கு. ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ் கதிர் நிறமாலையில் துத்தநாகத்தின் எல் கோடும் சோடியத்தின் கே கோடும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். மென்பொருள் தானாக “சோடியம்” என்று எழுதிவிடும். ஸ்பைனலில் சோடியத்துக்கு இடமே கிடையாது. குரோமைட்டில் சோடியம் என்று வந்தால் அது துத்தநாகம் என்று எடுத்துக்கொண்டு, 20 கிலோவோல்ட்டில் 8.64 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் கே கோட்டைப் பாருங்கள். இதேபோல மாங்கனீசு அதிகமாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். குரோமியத்தின் கே பீட்டா கோடு மாங்கனீசின் கே ஆல்ஃபா மேலே ஏறி உட்காரும். திருத்தம் போட்ட பிறகுதான் அது மாங்கனீசு.

ஆகஸ்ட் 11

தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். இலங்கையின் இரத்தினபுரிச் சரளையில் கிடைக்கிற ஸ்பைனல் ரத்தினமும் இதுவும் ஒரே குடும்பம். அது மக்னீசியமும் அலுமினியமும் நிறைந்த முனை. அதில் துளி குரோமியம் சேர்ந்தால் சிவக்கும். நாம் பேசுவது குரோமியமும் இரும்பும் நிறைந்த மறுமுனை, ஒளி ஊடுருவாத கருப்பு, மெல்லிய விளிம்பில் மட்டும் செம்பழுப்பு.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று முழுக்க ஒரே விஷயம் மனதில் ஓடியது: நாம் படிக்கிற கட்டுரைகளில் பாதி செர்ப்பன்டினைட்டுக்குள் (நீரேறி மாறிய பெரிடோட்டைட்) இருக்கும் குரோமைட்டைப் பற்றியவை. மணற்கல்லுக்குள் அகப்பட்ட மணிக்கு அவற்றை அப்படியே பொருத்தலாமா?

பொருத்த முடியாது என்றுதான் படுகிறது. செர்ப்பன்டினைட்டில் மணியைச் சுற்றி மக்னீசிய சிலிக்கேட் கடலாக இருக்கிறது. குரோமைட்டின் அலுமினியம் அங்கே குளோரைட்டாகிறது. மிச்சம் ஃபெரிட்குரோமிட் என்கிற இரும்பேறிய விளிம்பு, அதற்கு வெளியே மேக்னடைட் ஓடு. மையம் கருஞ்சாம்பல், ஓரம் வெளிர்சாம்பல், நுண்நோக்கியில் பிரதிபலித்த ஒளியில் பார்த்தால் அரிசி உமி ஒட்டினாற்போலத் தெரியும்.

மணற்கல்லில் சுற்றுச்சூழல் வேறு. நான்கு பக்கமும் குவார்ட்ஸ், இடையில் கொஞ்சம் களிமண், அது பிறகு அபிரகமாகும். மேக்னடைட் ஓடு கட்ட இரும்பு அவ்வளவு கிடையாது. ஆனால் சிலிக்கா தாராளம். மக்னீசியம் அலுமினிய ஸ்பைனலும் குவார்ட்ஸும் சேர்ந்து இருக்க மிக மிக உயர்ந்த வெப்பம் வேண்டும், 900 டிகிரியைத் தாண்டி. அதற்குக் கீழே இரண்டும் சேர்ந்து சிலிக்கேட்டாகிவிடப் பார்க்கும். துத்தநாக ஸ்பைனலுக்கு அந்தச் சிக்கல் இல்லை, குவார்ட்ஸோடு நிம்மதியாக இருக்கும். குரோமியம் இரும்பு ஸ்பைனலும் அப்படியே. ஆக குவார்ட்ஸ் நடுவே அகப்பட்ட மணியில் மக்னீசியமும் அலுமினியமும்தான் வெளியே தள்ளப்படுகின்றன, குரோமியமும் இரும்பும் துத்தநாகமும் தங்குகின்றன. உங்கள் 34 மணிகளும் சொல்வது அதுதான்.

துத்தநாகம் எங்கிருந்து? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சுத்தக் குவார்ட்ஸ் மணலில் துத்தநாகம் அரிது. ஆனால் இடையிடையே இருக்கும் சேற்று அடுக்குகளில், களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் சல்ஃபைடாக இருக்கும். சூடேறும்போது நீரோடு கிளம்பி அலையும். தன்னை ஏற்கும் கனிமம் அக்கம்பக்கத்தில் அதிகம் இல்லாதபோது ஸ்பைனலும் ஸ்டாரோலைட் என்ற இரும்பு அலுமினிய சிலிக்கேட்டும்தான் அதற்குத் திண்ணை. ஒரே பாறையில் ஸ்டாரோலைட் நிறைய இருக்கும் அடுக்கிலும் இல்லாத அடுக்கிலும் குரோமைட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் என் ஊகம் நிற்கும், வராவிட்டால் விழும்.

ஆகஸ்ட் 15

தம்பி, இந்த முறை நீங்கள் என்னை நிறுத்திவிட்டீர்கள். “மணி ஆற்றில் இறங்குவதற்கு முன்பே, தாய்ப்பாறையிலேயே உருமாறியிருந்தால்?” என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நான் 13-ஆம் தேதி எழுதியது முழுவதும், மணல் படிந்த பிறகே மாற்றம் நடந்தது என்ற நினைப்பில் எழுதியது.

எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி. ஏ.பி. சுப்பிரமணியம் 1956-ல் விரிவாக எழுதிய அனார்த்தசைட் (ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த பாறை), அதற்குள் குரோமைட் அடுக்குகள். நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ எடுத்துப் பொடித்ததும் இந்த வட்டாரத்து அனார்த்தசைட்தான். அந்தக் குரோமைட் அலுமினியமும் இரும்பும் மிகுந்தது, மிக உயர்ந்த தரத்தில் உருமாறிய பாறைக்குள் இருப்பது. அதிலிருந்து நாளைக்கு ஒரு மணி ஓடையில் இறங்கிப் புது மணற்கல்லாகப் படிந்தால், அந்த மணற்கல் ஒரு நாளும் சூடாகாமலே உருமாறிய குரோமைட்டை வைத்திருக்கும்.

ஆகவே எப்போது மாறியது என்பதை வேதியியல் தனியாகச் சொல்லாது, வடிவம் சொல்லும். இதற்குத்தான் முதல் நாளே தின் செக்‌ஷன் கேட்டேன். உருண்ட மணியின் ஓரத்தில் மாறிய பட்டை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் தேய்ந்து அறுந்தும் இருந்தால், பட்டை முதலில், உருளல் பிறகு. பட்டை மணியின் உருண்ட எல்லையை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தொடர்ந்தால், உருளல் முதலில், பட்டை பிறகு. பட்டை பல்பல்லாகப் பக்கத்து அபிரகத்துக்குள் நீட்டினால் சந்தேகமே இல்லை, மணல் படிந்த பின்தான். பாறையை உடைத்துப் புரோமோஃபார்மில் போட்டால் இந்த ஓரம்தான் முதலில் உதிரும். பிரித்தெடுத்த மணியில் நீங்கள் அளந்தது, அடையாளம் உரிந்த மணியை.

ஆகஸ்ட் 16

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. ஹாசன் மாவட்டத்து பைராபுரம் போல கெட்டியான குரோமைட் தாது என்றால் உருமாற்றத்திலும் உள்ளே பெரிதாக மாறாது. முழுக்கக் குரோமைட், கொடுக்கல் வாங்கல் செய்யப் பக்கத்தில் சிலிக்கேட் இல்லை. அதே பாறைத்தொடரில் செர்ப்பன்டினைட்டுக்குள் தூவலாகக் கிடக்கும் மணி நன்றாகவே மாறும். ஆக ஒரே மலையிலிருந்து மாறாத மணியும் மாறிய மணியும் சேர்ந்தே ஆற்றுக்கு வரலாம். மணற்கல்லில் இரண்டு கூட்டம் தெரிந்தால் இரண்டு மூலப்பாறை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஆகஸ்ட் 20

அளவும் முக்கியம். பரவலுக்கு ஆகும் காலம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 200 மைக்ரான் மணிக்கு ஆகும் நேரம் 50 மைக்ரான் மணியைப் போல 16 மடங்கு. சின்ன மணி முழுக்க மாறி முடிந்தபோது பெரிய மணியின் நடுவில் பழைய வேதியியல் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். உங்கள் 34-இல் பெரியவற்றைத் தனியாகப் பிரித்து, ஓரத்திலிருந்து மையம் வரை 10 புள்ளி வரிசையாக அளந்தால், ஒற்றை மையப் புள்ளி 34-ஐ விட அதிகம் சொல்லும். மணிக்குள்ளே சிறைப்பட்ட சிலிக்கேட் துளி தென்பட்டால் அதை விடாதீர்கள். சுற்றிலும் குரோமைட் கவசம் இருப்பதால் வெளியே நடந்ததெல்லாம் அதை எட்டாமலும் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 27

வேறொரு வாசகர் அடிப்படையையே கேட்கிறார்: “பச்சைக் குவார்ட்ஸைட் மணற்கல்தானா? சிலிக்கா ஏறிய கோமாட்டியைட்டாக இருந்தால்?” ஏளனமாகத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. பெரிடோட்டைட்டில் கார்பன் டை ஆக்சைடும் சிலிக்காவும் ஏறினால் குவார்ட்ஸ், கார்பனேட், ஃபுக்சைட், குரோமைட் என்று பச்சைப் பாறை உண்டாகும். பின்லாந்தின் அவுட்டோகும்புவில் செர்ப்பன்டினைட்டை ஒட்டிய குவார்ட்ஸ் பாறைகளில் குரோமியக் கனிமங்கள் ஏராளம், எஸ்கோலைட் என்ற குரோமியம் ஆக்சைடு 1958-ல் அங்கிருந்துதான் விவரிக்கப்பட்டது. அவற்றில் துத்தநாகம் ஏறிய குரோமைட்டும் உண்டு. அது ஆறு கொண்டுவந்த மணி இல்லை.

எப்படிப் பிரிப்பது? சிர்கான், வயது கணிக்க உதவும் கனிமம். கோமாட்டியைட்டில் சிர்கான் கிட்டத்தட்டக் கிடையாது. பச்சைப் பாறையில் உருண்ட சிர்கான் மணிகள் குரோமைட்டோடு ஒரே வரியில் கிடந்தால் அது மணல். அதோடு வெவ்வேறு வயது காட்டினால் இன்னும் உறுதி. உங்கள் பிரிப்பில் சிர்கான் இறங்கியதா? காந்தம் ஒட்டாத பகுதியில் பாருங்கள்.

ஆகஸ்ட் 28

இவ்வளவு எச்சரித்துவிட்டு, குரோம் ஸ்பைனலே பயனற்றது என்று தோன்றும்படி விட்டுவிடக் கூடாது. இமாச்சலத்துச் சுபாத்து படிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 கோடி ஆண்டுப் பழமை, பெரிதாகச் சூடாகவில்லை. அதில் குரோம் ஸ்பைனல் இருக்கிறது, டெத்திஸ் கடல் ஓடு நிலத்தின் மேல் ஏறி அரிபட்டதற்குச் சாட்சியாக அதை வாசிக்கிறார்கள். அங்கே குரோம் எண்ணைக் குறித்து மூலப்பாறையைப் பிரிக்கும் வரைபடம் வேலை செய்யும். படிவுக்குள் புதைந்து, கரைசல்கள் ஊறி, பைராக்சினும் ஆம்பிபோலும் கரைந்து போன பிறகும் குரோம் ஸ்பைனல் சிர்கானுக்குச் சமமாக நிற்கும். அதன் பலவீனம் உருமாற்ற வெப்பத்தில்தான்.

நடுவில் இருப்பது தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட். தங்கமும் யுரானினைட்டும் இருக்கும் அதே கூழாங்கல் அடுக்குகளில் உருண்ட குரோமைட் உண்டு. கிரீன்ஷிஸ்ட் தரம்தான், ஆம்பிபோலைட் தரத்தைவிடக் குறைந்த வெப்பம், ஆகவே மையத்தின் குரோம் எண்ணைக் கவனத்தோடு பேசலாம். மறுமுனை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ். 440 கோடி ஆண்டுச் சிர்கானுக்குப் பெயர் போன அந்த உருமாறிய கூழாங்கல் பாறையிலும் குரோமைட்டும் ஃபுக்சைட்டும் இருக்கின்றன. அந்தக் குரோமைட் மக்னீசியம் வற்றி இரும்பும் துத்தநாகமும் ஏறியது. சிர்கான் தன் வயதைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதற்காகப் பக்கத்து மணியும் தன் வேதியியலைப் பிடித்துவைத்திருக்கும் என்று நம்பக் கூடாது.

2024 ஜனவரி 21

ஐந்து மாதம் கழித்து முடிவுகள் வந்திருக்கின்றன. நீங்கள் இங்கே போட்டதை வைத்துச் சொல்கிறேன்: பெரிய மணிகளில் துத்தநாக ஆக்சைடு 2 முதல் 5 சதவீதம், ஓரத்தில் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு. ஓரம் உருண்ட எல்லையைச் சுற்றிலும் ஒரே சீராக, சில இடங்களில் ஃபுக்சைட்டுக்குள் பல் நீட்டி. சிர்கான் இறங்கியிருக்கிறது, உருண்டது. குரோம் எண் ஓரத்தில் 0.86, மிகப் பெரிய மணியின் மையத்தில் 0.71.

ஆக மணல்தான், படிந்த பிறகே மாறியது, 0.86 என்பது பிறவி எண் இல்லை. 0.71-ம் பிறவி எண் என்று நான் சொல்ல மாட்டேன், உண்மையான எண் அதற்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும் சொல்வேன். கோமாட்டியைட் இன்னும் போட்டியில் இருக்கிறது, மற்றவையும் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் நான் தவறினேன். ஸ்டாரோலைட் அடுக்குக்கும் இல்லாத அடுக்குக்கும் துத்தநாகத்தில் வித்தியாசம் வரும் என்றேன். உங்கள் அட்டவணையில் வரவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நீர் அடுக்கு பார்க்காமல் எல்லாவற்றையும் சமப்படுத்தியிருக்கலாம். ஆகஸ்ட் 13 குறிப்பின் கடைசிப் பத்தியை யாராவது எடுத்தாள்வதானால் இதையும் சேர்த்து எடுத்தாளுங்கள்.

ஜனவரி 23

மூலப்பாறையைக் கண்டறிய மணியின் டைட்டானியத்தை நம்பலாமா என்று கேட்டீர்கள். மையத்தில் வைத்துக்கொள்ளலாம், ஓரத்தில் வேண்டாம். தின் செக்‌ஷன் படத்தில் ஃபுக்சைட்டுக்குள் ஊசி ஊசியாகத் தெரிகிறதே, அது ரூட்டைலாக (டைட்டானியம் ஆக்சைடு) இருக்கலாம். ஸ்பைனல் கரைந்தபோது வெளியேறிய டைட்டானியம் அங்கே போயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஊசிகளில் குரோமியம் அளந்து பாருங்கள். கையனைட் என்ற அலுமினிய சிலிக்கேட் இருந்தால் அதிலும். மணியிலிருந்து போன குரோமியத்தை எங்கெங்கே கண்டுபிடிக்க முடிகிறதோ அத்தனையையும் கூட்டினால், மணி முதலில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஒரு மதிப்பாவது கிடைக்கும். அந்த மெருகுத் தட்டைப் பத்திரமாக வையுங்கள், மார்ச்சில் பெங்களூரு பக்கம் வரும்போது நானும் பார்க்க வேண்டும்.